ஏர் பிடித்த எஞ்சின்

“இன்னாடா மச்சான், திரும்ப நின்னுபோச்சி?”

சுதாகர் கேட்டதும் இருசப்பன் எஞ்சின் பக்கம் குனிந்தான். ஆலம்பறைக் கோட்டையைத் தாண்டிக் கழிமுகம் வரைக்கும் போக வேண்டிய படகு, தண்ணீரில் படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது.

சுதாகருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. படகில் உட்கார்ந்திருந்த ராஜாராம் சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர். அவர் மட்டும் திருப்தியாகக் கரை இறங்கிவிட்டால் தன் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நம்பியிருந்தான்.

அந்த மனிதரோ கோட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படகின் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிச் செல்போனில் படம் எடுத்தார். பணக்காரர்களின் ரசனையே தனிதான் என்று இருசப்பன் நினைத்துக்கொண்டான்.

“டீசல் கீதா பாரு மாமா” என்றான் இருசப்பன். அவன் சுதாகரின் மனைவி வச்சலாவுக்குத் தம்பி. படகில் எல்லா வேலைக்கும் அவன்தான் துணை.

வெள்ளிக்கிழமை என்பதால், காலையில் சுதாகர் சொல்லி வச்சலா வைத்த சந்தனப் பொட்டு டேங்க் மூடியில் குங்குமத்தோடு பளிச்சென்று இருந்தது. பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகி உள்ளே பார்த்தான். டீசல் தளும்பியது. பழையபடி மூடினான்.

இருசப்பன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியே விட்டு ஏர் எடுத்தான். ஹேண்டில் போட்டுச் சுற்றியதும் எஞ்சின் டபடபவென்று கிளம்பியது. சவுக்குத் தோப்பு வருவதற்குள் திக்கித் திணறி மறுபடியும் செத்தது.

“இது ஆவறதில்லப்பா. நான் வேற படகு பாத்துக்கறேன்.” அந்தப் பக்கமாகப் போன மீன் படகைக் கைதட்டிக் கூப்பிட்டு ராஜாராம் ஏறிக்கொண்டார்.

சுதாகரின் ஆத்திரம் மொத்தமும் இருசப்பன் மேல் திரும்பியது. “நேத்து நீதானடா எஞ்சினைப் பிரிச்சி மாட்டினே? கூடவே இருந்துகினு கழுத்தறுத்துட்டியேடா!”

“எங்க நைனா செஞ்ச படகு மாமா இது. இதுல போயி நான் அப்டி பண்ணுவனா? சவாரிக்கு வந்தவரு போனா போறாரு, அதுக்கா இந்தப் பேச்சு?”

கலங்கிய கண்ணோடு இருசப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்தான்.

தனியே நின்ற சுதாகர் கோபத்தில் மூடியை முரட்டுத்தனமாகத் திருகினான். கட்டைவிரல் பட்டுப் பொட்டு பெயர்ந்தது.

பொட்டுக்கு அடியில்தான் டேங்க் மூச்சு விடுகிற ஓட்டை. அதை எம்-சீல் வைத்து யாரோ கச்சிதமாக அடைத்திருந்தார்கள். காற்று உள்ளே போகாமல் டீசல் எப்படி இறங்கும்? மூடியைத் திறந்தபோதெல்லாம் எஞ்சினுக்கு உயிர் வந்ததும், மூடிய கொஞ்ச நேரத்தில் போனதும் இப்போது அவனுக்கு விளங்கியது. யாரோ என்ன யாரோ, பொட்டு வைத்தவள் ஒருத்திதானே!

துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தான். காலையில் பொட்டு வைத்த இடத்திலேயே வச்சலா நின்றிருந்தாள். மூடியை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“கட்டுன பொண்டாட்டி, நீயே எனக்குத் துரோகம் பண்ணிட்டியேடி!”

வச்சலா மூடியைப் பார்க்கவில்லை. படகின் முகப்பில் அப்பா ஆசையாக எழுதி வைத்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“விக்கப் போற படகுக்கு என் கையாலயே பொட்டு வெக்கச் சொன்னியேய்யா!”