சாக்பீஸ் லிஃப்ட்

மார்ச் 14. இன்றைய தவறு: லிஃப்டுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டேன்.

வகுப்பறைத் தரையில் நாலு பக்கமும் சாக்பீஸ் கோடு இழுத்து, கரும்பலகையில் பொத்தான்களையும் வரைந்து முடித்த பிறகு, வகுப்பில் இருந்த ஊர் முடிதிருத்துபவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"என்ன டீச்சர், எங்கள உள்ள வச்சு சுவரெழுப்பிட்டீங்க!"

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. டீச்சர் காது சிவக்க, ஒரு பக்கக் கோட்டைக் காலால் அழித்துக் கதவாக்கினாள்.

மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர வந்தவள். தற்காலிக வேலை. ஆனால் அணை நிரம்பினால் ஊர் தண்ணீருக்குள், எல்லோருக்கும் நகரத்தில் அடுக்குமாடி வீடு என்று தெரிந்த நாளிலிருந்து யாருக்கும் எழுத்தில் புத்தி போகவில்லை. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருமா? மாடியில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும்? லிஃப்ட் ஆடுமா? கேட்டே துளைத்துவிட்டார்கள்.

நாளைக் காலை லாரிகள் வருகின்றன. இன்று லிஃப்ட் ஏறிப் பழகக் கடைசி ஒத்திகை. யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

எல்லோரையும்விடப் பெரிய சத்தம் ஆட்டுக்காரம்மாவுடையதுதான். "ஏறு, ஏறு! யோவ், தொப்பைய உள்ள இழு!" மந்தையைப் பட்டியில் அடைப்பதுபோல் அத்தனை பேரையும் பெட்டிக்குள் தள்ளுவார்.

டீச்சர் கதவு மூடிவிட்டது என்பாள். ஒன்பதாவது மாடியில் இறங்கியவர்கள் கைதட்டுவார்கள். ஆட்டுக்காரம்மா மட்டும் கோட்டுக்கு வெளியே, தரையிலேயே நிற்பார்.

"பழக்கதோஷம் டீச்சர். கடைசி ஆடு உள்ள போன பெறகுதான் நான் போவேன்."

மறுபடியும் சிரிப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய நிறைமாத மகள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்களுக்குக் கிடைத்த வீடு ஒன்பதாவது மாடியில். சரிப்பட்டு வராவிட்டால் அண்ணன் ஊருக்குப் போய்விடுகிறேன் என்று அம்மா மூட்டையைத் தனியாகக் கட்டிவிட்டார். பிரசவத்துக்குக் கூட இருக்க மகளுக்கு வேறு ஆள் கிடையாது.

பழக்கதோஷம் என்பதை டீச்சர் நம்பவில்லை. வலிய வலிய மற்றவர்களை ஏற்றிவிடும் அந்தக் கை, கோட்டின் மேல் படாமல் மடங்கும் அந்தக் கால்விரல்கள்.

பெட்டியைக் காலி செய்யச் சொன்னாள்.

"நாம ரெண்டு பேரும் மட்டும்மா. வாங்க."

ஆட்டுக்காரம்மா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தார். இரண்டு கைகளுமே ஜில்லிட்டிருந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!" வகுப்பு மொத்தமும் மாடி மாடியாகக் கூவியது. ஒன்பதில் கூரையே பிய்த்துக்கொண்டு போகிறாற்போல் ஒரு கத்தல். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"இம்புட்டுதானா? இதுக்காடி மூட்டையத் தனியா கட்டினேன்!" என்றார் அம்மா. பிறகு தணிந்த குரலில், "நாளைக்கும் நீங்கதான் முன்னால போகணும் டீச்சர். கைய விட்டுடாதீங்க."

"விடமாட்டேம்மா."

டீச்சர் அறைக்கு வந்து, கதவு மறந்ததை நாட்குறிப்பில் எழுதியபின் பேனா அப்படியே நின்றது.

நகரத்தில் அவள் வீடு ஆறாவது மாடியில். லிஃப்ட் வந்ததும் இருக்கிறவர்களையெல்லாம் ஏற்றிவிடுவாள். "போன் வருது, நீங்க போங்க" என்பாள். கதவு மூடியதும் படியேறத் தொடங்குவாள். குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பேனாவை உதறிவிட்டு எழுதினாள்.

நாளைய வேலை: முதலில் நான் உள்ளே போக வேண்டும்.