எலோடியா சொன்ன வைத்தியம்

“பிள்ளையை ஆர் ஆர் தூக்கினதெண்டு கேக்கிறா” என்று எலோடியா சொன்னதை வலன்ரைன் தமிழில் சொன்னார்.

புஷ்பராணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அண்ணனைப் பார்த்தாள். “ஆர் தூக்கிறது? நானும் இவரும்தான். நீங்கள் ரெண்டு மூண்டு தரம்.”

குழந்தை பிறந்து இருபத்தாறு நாள். பத்து நாளாக ஓயாத அழுகை. காலை முறுக்கி, முகம் சிவந்து, குரல் கம்மும்வரை அழுதான். வைத்தியர் பார்த்துவிட்டு, வாய்வுதான், வளர மாறிவிடும் என்று அனுப்பிவிட்டார். புஷ்பராணிக்கு நித்திரை இல்லை. பாலும் குறையத் தொடங்கியிருந்தது. அவள் கணவன் கிறகரிக்கு சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் தொழிற்சாலை வேலை. வந்ததும் விழுந்து படுப்பான்.

அழுகை சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு எலோடியாவைக் கூட்டி வந்திருந்தது. எல் சல்வடோரில் சண்டைக்குத் தப்பி வந்தவள். ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். வலன்ரைன் இரண்டு வருடமாக ஒரு உணவகத்தில் சல்வடோர்க்காரரோடு கோப்பை கழுவுகிறார். அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் அவள் பேச்சு விளங்கும்.

எலோடியா குழந்தையின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்பு நூல் ஒன்று கட்டினாள். கொண்டுவந்த சட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள்.

“கோழிச் சூப்பாம். எள்ளு வறுத்து இடிச்சுப் போட்டிருக்காம். பால் சுரக்குமாம்.”

“எள்ளோ? பச்சை உடம்புக்குச் சூடெல்லே?” குசினி வாசலில் நின்ற கிளி கேட்டாள். “நான் சுறா வறை வச்சிருக்கிறன்.”

எலோடியா எட்டி, உதிர்த்து வறுத்த அந்த மீனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“இந்த மீனை ஆர் சப்பித் துப்பினது எண்டு கேக்கிறா.”

“வாயைப் பார்” என்றாள் கிளி. ஆனால் சிரித்துவிட்டாள்.

கிளி வலன்ரைனின் மனைவி. கலியாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. பத்தியம் வைப்பது, துணி தோய்ப்பது, எல்லாம் அவள்தான். குழந்தையை மட்டும் தொடுவதில்லை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பார்க்க வந்திருந்த திரேசம்மா, “வேண்டாம் பிள்ளை, பெறாத கை” என்று தடுத்தாள். புஷ்பராணி கண்ணை மூடிக் கிடந்தாள். நித்திரையில் அல்ல.

எலோடியா நீளமாகப் பேசினாள். தாய், தாயின் தாய், அதற்கும் முன்னால் என்று கையைப் பின்னுக்குப் பின்னுக்கு வீசினாள். வலன்ரைன் தலையாட்டிக் கேட்டார்.

“பெருஞ்சீரகம் அவிச்ச தண்ணி நீ குடிக்க வேணும், புஷ்பம். அது பாலாலை பிள்ளைக்குப் போகும்.” தொண்டையைச் செருமினார். “பேந்து, பிள்ளை பெறாத ஒரு பொம்பிளை இவனை நெஞ்சோடை அணைச்சு வச்சிருக்க வேணுமாம். ஒன்பது நாளைக்கு.”

ஹீற்றர் சீறியது.

“பெறாதவளோ?” என்றாள் புஷ்பராணி. “வடிவாக் கேளுங்கோ அண்ணை.”

அவர் கேட்டார். எலோடியா மூன்று விரலைக் காட்டி, “சீ, சீ” என்று தன் மொழியில் ஆமோதித்தாள்.

“ஓமாம். ஒரு நாளைக்கு மூண்டு தரம். அவையின்ரை பரம்பரை வைத்தியமாம்.”

“எனக்கு வேண்டாம்” என்றாள் கிளி. “நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?”

குழந்தை வீரிட்டான். புஷ்பராணி எழுந்து குசினி வாசலுக்குப் போனாள்.

“பிடியுங்கோ மச்சாள்.”

கிளி கைகளைச் சட்டையில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். பிறகு நீட்டினாள்.

நாலாம் நாள் அழுகை பாதியாகக் குறைந்தது. புஷ்பராணி ஒரேயடியாக நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். வேலையால் வரும் வலன்ரைன், சப்பாத்துப் பனியைத் தட்டாமல் வாசலில் நின்று மனைவியைப் பார்ப்பார்.

“என்ன, வைத்தியம் வேலை செய்யுதோ?”

“மெல்லக் கதையுங்கோ. எழுப்பிப் போடாதேங்கோ.”

ஒன்பதாம் நாள் பின்னேரம் எலோடியா மறுபடி வந்தாள். வலன்ரைன் வேலையில் இருந்தார். இந்தத் தரம் அவள் தன் மூத்த மகள் நொயெமியைக் கூட்டி வந்திருந்தாள். நொயெமிக்கு ஆங்கிலம் தெரியும். புஷ்பராணி ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள்.

கிளி யன்னலோரம் இருந்தாள். அவள் நெஞ்சில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கினான். அவளுக்கு மூக்கு அரித்தது. கையை எடுக்கவில்லை.

“இண்டையோடை ஒன்பது முடியுது புஷ்பம். எழும்பினவுடனை உன்னட்டைத் தந்திடுறன்” என்றாள்.

நொயெமி ஆங்கிலத்தில் கேட்டாள். “பெருஞ்சீரகத் தண்ணீர் வேலை செய்ததா என்று அம்மா கேட்கிறார்.”

“செய்தது. மற்றதும்தான்.”

“எது மற்றது?”

“பிள்ளை பெறாத பெண் அணைத்து வைத்திருக்கும் வைத்தியம்.”

நொயெமி தாயைக் கேட்டாள். எலோடியா இரண்டு கைகளையும் விரித்தாள்.

“அப்படி ஒரு வைத்தியம் எங்கள் ஊரில் இல்லையாம். தண்ணீர் குடிக்கத்தான் அம்மா சொன்னாராம்.”

“என்னவாம்?” தலையை அசைக்காமல் கேட்டாள் கிளி.

புஷ்பராணி அவளைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

“ஒன்பது நாள் போதாதாம் மச்சாள். இவன் நடக்கத் தொடங்குமட்டும் நீங்கள்தான் தூக்க வேணுமாம்.”