ஏழாம் நாள் குழாய்

குளிர்பெட்டியின் மூன்றாவது தட்டில் அண்ணன் இருந்தான்.

விரல் நீளக் கண்ணாடிக் குழாய். மேலே என் கையெழுத்தில் அவன் பெயர்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தத்தை ஏழு நாள் வைத்திருப்போம். மருத்துவர் யாராவது சந்தேகம் கேட்டால் மறுபடி இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஏழாம் நாள் கொட்டிவிட வேண்டும்.

இன்று ஏழாம் நாள். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, உயிர்விட்டு நான்கு நாளாகிறது. வீட்டில் தடுத்தும் கேளாமல் இதற்காகத்தான் வேலைக்கு வந்தேன்.

அவன் ரத்தத்தில் நான் செய்தது, மாரடைப்பு வருமா என்று முன்கூட்டியே கோடி காட்டும் சோதனை. உடம்புக்குள் எங்கே அழற்சி இருந்தாலும் அந்த எண் ஏறும். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் புண்பட்டாலும் ஏறும், பல் வீங்கினாலும் ஏறும். எங்கே என்று மட்டும் சொல்லாது. மூன்றைத் தாண்டினாலே இதயத்தை யோசிக்க வேண்டும்.

அண்ணனுக்கு எட்டரை.

ரத்தம் கொடுத்த அன்று அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொழுப்பு அளவு சரியாகவே இருந்தது.

"எல்லாம் அந்தப் பல்லு பண்ற வேலை. போய்ப் புடுங்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வா, மறுபடி பாக்கலாம்" என்றேன்.

பதினாறு வருட அனுபவம், கேட்கவா வேண்டும். அவன் வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

குழாயை இயந்திரத்தில் வைத்தேன். ஒன்று என்று வந்துவிடட்டும், அன்று இயந்திரம்தான் பிசகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் நான் எதையும் தவறவிட்டவள் இல்லை.

எட்டரை.

மறுபடி ஓட்டினேன். எட்டரை. போனவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கைபேசி அடித்தது. அண்ணி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. எதற்கு அழைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும், அவ்வளவுதான்.

"நீ சொன்னேன்னு மறுநாளே பல் டாக்டர்கிட்ட போனாரு. பல்லுல ஒண்ணுமே இல்ல, தாடை வலி நெஞ்சுல இருந்தும் வரலாம், எதுக்கும் உடனே நெஞ்சைக் காட்டிடுங்கன்னாராம். 'என் தங்கச்சியே ரத்தத்துல பாத்துட்டா, அவளுக்குத் தெரியாததா'ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"உன்மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."