ஒரே கையால் திறக்கணும்

ஆணி வாங்கப் போன நான், அடுத்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் இரும்புக்கடையில் மடக்குக்கத்தி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் ஆணியை மறந்தேவிட்டேன். மரக்கிளை வெட்டுகிற பிழைப்பு அவர்களுக்கு.

அவன் முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணே, அறுக்கும்போது இது திடீர்னு மடங்கிடாதே?"

"பூட்டு இருக்குப்பா. மடங்காது."

"மழையில துருப்பிடிச்சு திறக்காமப் போயிட்டா? ஒரே கையால திறக்க வருமா? வெட்டின கிளையைக் கட்டி இறக்குற கயிறு ஒரு கையைச் சுத்திக்கிட்டா, மறு கையாலதானே அறுக்கணும்! போன வாரம் அப்படித்தான் மேல மாட்டி, விரலெல்லாம் நீலமாகி..."

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி மரத்தில் ஏறி என்னத்தைக் கிழிக்கிறான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பெண்டாட்டியோ சாவகாசமாகக் கொட்டாவி விட்டாள்.

"மலிவா ஒண்ணு எடுங்க, போலாம். எதுக்கெடுத்தாலும் ஒரு நடுக்கம்!"

என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, கட்டினவன் உயிருக்குப் பயந்து நடுங்குறான். உனக்குக் கொட்டாவி வருதா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் சிரித்தாள்.

கடைக்காரர் விலை குறைந்ததிலேயே கெட்டியான கத்தி ஒன்றை அவனிடம் நீட்டினார். "உன் கைக்குச் சரியா இருக்கா, திறந்து பாரு."

அவன் அதைத் தொடவில்லை.

"என் கை எதுக்குண்ணே? நான் கீழ நின்னு கயிறு பிடிக்கிறவன். மரம் ஏறுறது இவதான். இவ கையில குடுங்க."