உச்சிப் படியில் ஒரு கையெழுத்து

நகராட்சிக் கூட்ட அரங்கின் நடுவில், புதிதாக வாங்கிய இருபது மடக்கு ஏணிகளில் ஒன்று விரிந்து நிற்கிறது. அதன் உச்சிப் படியில் தெருவிளக்குப் பணியாளர் லைட்டக்கா. அவள் நீட்டிய கைக்கும் மின்விசிறிக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் இடைவெளி. உறுப்பினர்கள் கொட்டாவியைப் பாதியில் விழுங்குகிறார்கள். “இந்த ஃபேனே எட்டல தலைவரே, தெருவிளக்கு எப்படி எட்டும்?” என்கிறாள் மேலிருந்து. தலைவர் பேனாவை உருட்டுகிறார். “ஏணி சரியா இருக்குன்னு வழக்கமா போடுற கையெழுத்துதானேம்மா, போட்டுட்டு இறங்கு.” கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவள் இடுப்பில் செருகியிருக்கிறது. “போன ஏணிக்கு கண்ண மூடிட்டு போட்டேன். அதுலேர்ந்து விழுந்தவன் இன்னும் எழுந்திரிக்கல. கையெழுத்து வேணும்னா யாராவது ஏறி வந்து வாங்கிக்குங்க.” ஏணி கிறீச்சிட்டு ஆடுகிறது. ஒரு நாற்காலியும் அசையவில்லை.