மூன்றாம் எதிர்மனுதாரர்

பதினேழில் அவள். பதினெட்டில் அவன்.

தாலுகா ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் பணிமூப்புப் பட்டியலை ஒட்டிப் பத்து நாளாகிறது. சத்யராஜ் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறான். பார்த்தால் எண் மாறிவிடுமா என்ன.

உதவியாளர் பதவி உயர்வுக்கு இந்த முறை மாவட்டத்தில் பதினேழு இடம்.

வயிறு எரிந்தது. இந்த ஒரு வருடமாகச் சோற்றில் உப்பில்லாததுகூட அவனுக்குத் தெரிவதில்லை. இது மட்டும் தெரிந்தது.

அவன் வேலையில் சேர்ந்து பதினோரு நாள் கழித்துத்தான் சிவரஞ்சனி வந்து சேர்ந்தாள். செம்மநத்தத்துப் பட்டா கோப்பு எந்த ரேக்கில், பீரோ சாவி எந்த ஆணியில் என்று காட்டிக்கொடுத்ததே அவன்தான். ஆனால் தேர்வாணையத்தின் தரவரிசையில் அவள் அவனுக்கு இரண்டு படி மேலே. கலெக்டர் ஆபீஸ் அதைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரை மேலே எழுதியது.

முதலில் சேர்ந்தவனே மூத்தவன் என்று அவன் உயர் நீதிமன்றம் போனான். அரசு முதல் எதிர்மனுதாரர், கலெக்டர் இரண்டாவது, சிவரஞ்சனி மூன்றாவது.

நோட்டீஸ் வந்த அன்று அதை அவன் மேசைமேலேயே விரித்துவைத்துப் படித்தாள்.

"ஏனுங்க ஜூனியர், என்ற இனிசியலே தப்பா இருக்குதுங்களே. கேஸையாவது ஒழுங்காப் போடக் கூடாதுங்களா?"

அன்றிலிருந்து அவன் ஜூனியர்தான். ஆபீஸில் மட்டும் அல்ல, கடைவீதியில், பஸ்ஸில், எங்கேயும்.

துறைத் தேர்வை அவள் ஒரே தடவையில் முடித்தாள். அவனுக்கு மூன்று தடவை ஆயிற்று. அந்த மூன்றாவதும் அவள் எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்துத்தான். அது இன்னும் எரிந்தது. அவள் வைக்கும் கோப்பில் தாசில்தார் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அவனுடையதில் சிவப்பு மை. எல்வின் டீக்கடைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போய் நின்றாலும் முதல் தம்ளர் அவளுக்குத்தான் போகும்.

இரண்டாம் வருடம், கேஸை வாபஸ் வாங்கிவிடலாம் என்று அவனே சொன்னான். அவள்தான் விடவில்லை.

"தோத்துப்போயிருவீங்கன்னு பயமுங்களா? தீர்ப்பு வரட்டுமுங்க, பாத்துக்கலாம்."

ஏழு வருடம் இழுத்து, போன மாதம் தீர்ப்பு வந்தது. தரவரிசைதான் செல்லும். மனு தள்ளுபடி. வழக்குப் போட்ட நாளில் நிறுத்திவைத்த பழைய பட்டியலைக் கலெக்டர் ஆபீஸ் அப்படியே தூசி தட்டி எடுத்து, மறுபடி அடித்து, எல்லாத் தாலுகாவுக்கும் அனுப்பிவிட்டது.

இன்று காலையில்கூடச் செம்மநத்தத்திலிருந்து பூவாயி வந்தாள். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள இல்லீங்களா, சாமி?"

"இல்லீங்க. எங்கிட்டக் குடுங்க, பாக்கறேன்."

"இருக்கட்டுமுங்க. அது வந்தப்பறமா வாரேன்."

பஸ் ஏறி வந்தவள், மடித்த காகிதத்தைப் பிரிக்காமலே திரும்பிப் போனாள்.

செல்போன் அடித்தது. சென்னையிலிருந்து கார்த்திக், வக்கீலின் குமாஸ்தா. சேலத்துக்காரன்.

"சார், அப்பீலுக்கு நாளையோட கெடு முடியுதுங்க. பேப்பரெல்லாம் ரெடி. மூணாவது எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் அனுப்போணும், இப்பத்த அட்ரஸ் மட்டும் வேணுமுங்க."

சத்யராஜ் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்? அந்தம்மா இப்ப எந்த ஆபீஸுங்க?"

"இறந்துட்டாங்க. போன ஆடியில."

"அடடா. கேஸ் நடக்கறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமுங்களே." அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "சரிங்க, அவிங்க வாரிசைச் சேத்துக்கலாம். பேரும் அட்ரஸும் சொல்லுங்க, அடிச்சுக்கறேன்."

"பெ. சத்யராஜ். தலைச்சோலை ரோடு, ஏற்காடு."

கார்த்திக் சிரித்தான். "உங்குளுதுதான் மொதப் பக்கத்துலயே இருக்குதுங்களே, சார். வாரிசோடதைச் சொல்லுங்க."

"அதேதானுங்க."

கீபோர்டுச் சத்தம் நின்றது.

கார்த்திக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அப்ப அப்பீலே வேண்டாமுங்களே, சார். சர்டிபிகேட்டை வெச்சு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா அந்தப் பேரை எடுத்துருவாங்க. பதினேழு தானா உங்குளுக்கு வந்துருமுங்க."

அது அவனுக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ் பத்து நாளாகச் சட்டைப்பையில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

மூடுபனி தாழ்வாரத்துக்குள் வந்திருந்தது. ஈரத்தில் பசை இளகி, பதினேழுக்கு நேராகப் பட்டியலின் ஓரம் பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது.

"வேண்டாமுங்க," என்றான். "லெட்டரும் வேண்டாம். அவளே முன்னாடி இருக்கட்டும்."

போனைப் பையில் போட்டுவிட்டு, தூக்கியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

ஒட்டிக்கொள்ளும்வரை விரலை எடுக்கவில்லை.