ஒன்பது வினாடி

யாரை வேலையிலிருந்து நீக்குவது என்பதை அந்த நிறுவனத்தில் இயந்திரம்தான் முடிவு செய்யும். ஆனால் மனிதர் ஒருவர் கோப்பைப் படித்துவிட்டு "சரி" என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது செல்லும். மேகலாவுக்கு அதுதான் வேலை.

ஒவ்வொரு கோப்பும் திரையில் ஒன்பது வினாடியாவது திறந்திருக்க வேண்டும். அதற்குமுன் பொத்தான் வேலை செய்யாது. "வேண்டாம்" என்று அழுத்தினால் காரணம் எழுதிக்கொண்டு மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். முதல் வருடம் இரண்டு முறை நின்றாள். அதன்பிறகு பெயர்களைப் படிப்பதையே விட்டுவிட்டாள். திரையின் மூலையில் ஓடும் வினாடியை மட்டும் பார்ப்பாள்.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, அதே நிறுவனத்தின் கிடங்கில் பதினாறு வருடமாக வேலை பார்த்த கணவன் தாமோதரன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். கைப்பேசியை நீட்டினான்.

வேலைநீக்கக் கடிதம். அடியில், 'பரிசீலித்து ஒப்புதல் அளித்தவர்: எண் 17.'

பதினேழு அவளுடைய எண். அதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

"மெஷின் மட்டும்னா விட்டுருவேன், மேகலா. ஒரு மனுஷன் என் ஃபைலைப் படிச்சுப் பார்த்துட்டுல்ல அனுப்பியிருக்கான். அப்ப நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். உங்க செக்‌ஷன் ஆளுதானே, யாருன்னு விசாரிச்சுச் சொல்லு. சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். என்ன தப்புன்னு தெரிஞ்சா போதும்."

அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வினாடி முள் ஒன்பது முறை நகர்ந்தது.

"சரி" என்றாள்.